பைக் ஓட்டினால் கை மரத்துப்போகிறதா? உயரமானவர்கள் ஹேண்டில்பாரை எப்படி சரிசெய்யலாம்?

ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கை மரத்துவிடுகிறது. வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டதும் முதல் வேலை, கையை உதறுவது. யூ-டர்ன் எடுக்கும்போது ஹேண்டில்பார் முழங்காலில் இடிக்கிறது. ராத்திரி படுத்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி. ஆறடிக்குப் பக்கத்தில் உயரம் இருக்கும் பலருக்கு இது தினசரிக் கதை. "நான் உயரம், வண்டி சின்னது, என்ன பண்றது?" என்று பொறுத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

அவ்வளவு பொறுமை தேவையில்லை. பல வண்டிகளில் நான்கு போல்ட்டைத் தளர்த்தி, சரிசெய்து, திரும்ப இறுக்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும். பைசா செலவில்லை. ஆனால், இதே வேலையை அரைகுறையாகச் செய்தால் பிரேக்கிலேயே கோளாறு வரலாம். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

பிரச்னை ஹேண்டில்பாரில்தானா?

சீட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் - இந்த மூன்றும் சேர்ந்த முக்கோணம்தான் நாம் உட்காரும் விதத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். கிளாசிக் 350-ல் 805. வித்தியாசம் வெறும் 20 மில்லிமீட்டர். ஆனால், இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தால் வேறு வேறு உலகம். காரணம், மற்ற இரண்டு புள்ளிகளும் இருக்கும் இடம்.

முழங்கால் அதிகமாக மடங்கி வலித்தால் பிரச்னை சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையே இருக்கிறது. ஹேண்டில்பாரை எவ்வளவு ஏற்றினாலும் அது தீராது. சீட் குஷனை உயர்த்துவதுதான் வழி. ஆனால், சீட் உயர்ந்தால் ஹேண்டில்பார் தாழ்ந்ததுபோல ஆகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

கை மரத்துப்போனால், எந்த விரல் என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், உடம்பின் எடை உள்ளங்கையின் வெளி ஓரத்தில் இறங்கி, அங்கே ஓடும் அல்நார் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால், மணிக்கட்டு மடங்கியபடியே இருப்பதால் மீடியன் நரம்பு அழுந்தலாம். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரத்தல் போகவில்லை என்றால், மெக்கானிக்கை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

செலவில்லாத வழி: சுழற்றுவது

கம்யூட்டர் பைக்குகளில் பெரும்பாலும் ஹேண்டில்பார் என்பது ஒரே பைப். இரண்டு கிளாம்ப், நான்கு போல்ட் அதைப் பிடித்திருக்கும். பைப்பை முன்பக்கம் சுழற்றினால் கைப்பிடி கொஞ்சம் முன்னாலும் மேலேயும் போகும். பின்பக்கம் இழுத்தால் நம்மை நோக்கியும் கீழேயும் வரும். நீளமான கை, நீளமான கால் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முன்பக்கம் நகர்த்துவதுதான் செட் ஆகும். முழங்காலுக்கும் இடம் கிடைக்கும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டுவிட்டு, போல்ட்டைத் தொடுவதற்கு முன் போனில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல ஹேண்டில்பார்களில் கிளாம்ப் சேரும் இடத்தில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். அதுதான் கம்பெனி செட்டிங். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே திரும்பி வரலாம். போல்ட்டுகளை முழுதாகக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். கொஞ்சமாக நகர்த்தி, இறுக்கி, ஓரிரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே உடம்புக்குத் தெரியும்.

இறுக்கும்போது கவனம். எந்தப் பக்க போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும், எத்தனை நியூட்டன் மீட்டர் விசையில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கை பலத்தில் முறுக்கினால் மரை போய்விடும். லூஸாக விட்டால், சடன் பிரேக் அடிக்கும்போது ஹேண்டில்பார் கையோடு சுழலும்.

லீவரை மறந்துவிடாதீர்கள்

பைப்பை முன்பக்கம் சுழற்றினால் பிரேக், கிளட்ச் லீவர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்படியே விட்டால் ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் மணிக்கட்டு மடங்கும். வழக்கம்போல உட்கார்ந்து, விரல்களை லீவர் மேல் நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தால் சரி.

டிஸ்க் பிரேக் என்றால், லீவரோடு சேர்ந்து பிரேக் ஆயில் டப்பாவும் சாயும். அது ரொம்பச் சாய்ந்துவிடக் கூடாது. உள்ளே காற்று புகுந்தால் பிரேக் பிடிப்பு போய்விடும். சுவிட்ச் பாக்ஸைத் தனியாகச் சுழற்ற முயலாதீர்கள். பல வண்டிகளில் அதை ஒரு பின் ஹேண்டில்பாரோடு பூட்டியிருக்கும்.

ரைசர் போடலாமா?

சுழற்றியும் போதவில்லை என்றால் அடுத்து ரைசர். கிளாம்ப்புக்கு அடியில் வைத்து ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டு இது. நேராக உயர்த்துவது ஒரு வகை, உயர்த்திப் பின்னாலும் தள்ளுவது இன்னொரு வகை. உயரமானவர்களுக்கு இரண்டாவது வகை இடைஞ்சலாகலாம். கைப்பிடி மறுபடி முழங்காலை நோக்கி வந்துவிடும். யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி போன்ற வண்டிகளில் இருப்பது ஃபோர்க்கிலேயே மாட்டிய கிளிப்-ஆன் ஹேண்டில். அங்கே சாதாரண ரைசருக்கு வேலையில்லை.

உயரம் கூடக் கூட நல்லது என்றும் நினைக்க வேண்டாம். முதுகு முழுக்க நிமிர்ந்தால் பள்ளத்தின் அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கு ஏறும். ஹைவேயில் காற்று நெஞ்சில் மோதி, ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவதுபோல ஆகும். லேசாக முன்னால் சாய்ந்து, முழங்கை சற்று மடங்கியிருப்பதுதான் நல்ல நிலை.

இந்த டெஸ்ட் இல்லாமல் கிளம்பாதீர்கள்

ஹேண்டில்பார் உயர்ந்தாலும் கேபிளின் நீளம் உயராது. ஆபத்து இங்கேதான். சுழற்றினாலும் சரி, ரைசர் போட்டாலும் சரி, இந்த நான்கையும் பாருங்கள்:

- நியூட்ரலில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். யூ-டர்னில் வண்டி தானாகப் பாயும்.
- சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க் முழுதாக நீளும். அப்போதும் பிரேக் ஹோஸ் இறுகாமல் தளர்வாக இருக்க வேண்டும்.
- இரண்டு கோடியிலும் கிளட்ச் லீவரில் பழைய ஃப்ரீ பிளே இருக்கிறதா?
- டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்காமல் இடம் இருக்கிறதா?

ஒன்றில் இடித்தாலும் பழைய செட்டிங்குக்குத் திரும்புங்கள். அல்லது நீளமான கேபிள், ஹோஸ் மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த ஹேண்டில்பாரை அதே கிளாம்ப்பில் சுழற்றுவது வெறும் அட்ஜஸ்ட்மென்ட். வேறு பாகங்களை மாட்டும்போதுதான் கேள்வி எழும். வாகனத்தில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதனால் ரைசர் வாங்குவதற்கு முன், உங்கள் மாடலுக்குக் கம்பெனியே விற்கும் ஆக்சஸரி இருக்கிறதா, வாரன்ட்டி பாதிக்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். ஹேண்டில்பாரை வெல்டிங் செய்து உயர்த்தும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்த சர்வீஸுக்கு விடும்போது, "அண்ணே, ஹேண்டிலைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். வண்டி மேல் நீங்களே உட்கார்ந்து, உங்கள் கைக்கு ஏற்றபடி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கையின் நீளம் மெக்கானிக்குக்குத் தெரியாது.