துருசை வெட்டிய படம்

சென்ற வாரம் மன்னாரின் வங்காலைச் சரணாலயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே கடலும் மழையும் சேர்ந்து நீர்மட்டத்தை ஆள்கின்றன. இரணைமடுவில் நிலைமை வேறு. கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, ஏ-9 வீதிக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் இந்தக் குளத்தில் மாரியில் எவ்வளவு தண்ணீர் சேரும் என்பதை வானம் சொல்லும். சேர்ந்த தண்ணீர் எப்போது, எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் கூடிப் பேசி முடிவு செய்கின்றன. ஆனால் இரணைமடுவிலிருந்து வெளிவரும் பறவைப் படங்களில் இந்த மனிதர்களைக் காண்பது அரிது. குளக்கட்டு இல்லை, நீரைத் திறந்துவிடும் துருசு இல்லை, தோணி இல்லை, அலைகரையில் மேயும் மாடு இல்லை. நாரையும் நீரும் பின்னால் மங்கிய பச்சையும் மட்டுமே எஞ்சுகின்றன. அந்தப் படங்களின் அழகை நான் மறுக்கவில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக எடுத்தோம் என்று அவற்றின் கீழே எழுதப்படுவதைத்தான் மறுக்கிறேன். வன்னியில் மனிதரை வெட்டி எடுத்த படம் காட்டுயிரைக் காப்பதில்லை. பல வேளைகளில் அதற்குக் கேடே செய்கிறது.

இந்தக் குளம் எப்படி உண்டானது என்பதிலிருந்து தொடங்கலாம். வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் தோன்றி, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து வடக்கே வரும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது இரணைமடு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1885இல் முன்வைத்த யோசனை அது. 1902இல் தொடங்கிய வேலை 1920இல்தான் முடிந்தது. பிறகு கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. போருக்குப் பின் நடந்த பெரும் புனரமைப்பு 2018இல் நிறைவேறியது. இருபதாயிரம் ஏக்கர் அளவிலான வயல் இந்தக் குளத்தை நம்பியிருக்கிறது. காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்து நீர்தான். கையிருப்பு நீரைப் பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானித்த பிறகே துருசு திறக்கும். அன்றிலிருந்து குளம் இறங்கத் தொடங்கும்.

இனி மஞ்சள் மூக்கு நாரை இரை தேடும் விதத்தைப் பாருங்கள். ஆழமில்லாத நீரில் நின்று, அலகைப் பாதி திறந்து கலங்கலுக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் அசைத்தபடி மெல்ல நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். சில வேளை ஒரு பக்கச் சிறகை விரிக்கும். கொக்கைப் போல் கண்ணால் குறிவைத்துக் கொத்துவதில்லை. மீன் அலகில் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்கிறது. தொட்டுணர்ந்து பிடிக்கும் இந்த முறை பலிக்க வேண்டுமானால் நீர் காலளவாக இருக்க வேண்டும், மீன் நெருங்கிக் கிடக்க வேண்டும். நிறைகுளத்தில் இரண்டும் கிடைக்காது. சிறுபோகத்துக்காக நீர் இறங்க இறங்க, அலைகரை ஓரத்துப் பள்ளங்களில் மீன் ஒதுங்கிச் சேரும்போதுதான் நாரைக்கு விருந்து. செப்டெம்பரில் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் உள்ளான்கள் வந்து இறங்கும்போது அவற்றுக்கு வேண்டிய ஈரச் சேறு விரிந்து கிடப்பதும் நெல்லுக்காகத் திறந்த துருசால்தான். நாரையின் அலகில் துடிக்கும் மீனுக்கும் இதே வரலாறு உண்டு. இலங்கைக் குளங்களில் இன்று மலிந்து கிடக்கும் திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். ஆகவே துருசைப் படத்திலிருந்து வெட்டுகிறவர் தேவையற்ற பின்னணி ஒன்றை நீக்கவில்லை. அந்தப் பறவை அங்கே நிற்பதற்கான காரணத்தையே நீக்குகிறார்.

இயற்கைப் படப் போட்டிகளின் விதி அப்படித்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஃபியாப் என்ற அனைத்துலகப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பும் அமெரிக்கப் புகைப்படச் சங்கமும் சேர்ந்து வகுத்த இயற்கைப் படத்துக்கான வரையறை, மனிதச் சுவடு இருக்கக் கூடாது என்றே சொல்கிறது. உலகெங்கும் கழகங்களும் கண்காட்சிகளும் இதைப் பின்பற்றுவதால், பரிசை எண்ணிப் படம் எடுப்பவரின் கை தானாகவே மின்கம்பத்தையும் தோணியையும் ஒதுக்கப் பழகிவிடுகிறது. ஆனால் அதே வரையறை ஒரு விலக்கையும் தருகிறது. மனிதர் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிக்கொண்ட உயிர்களின் கதையில் மனிதச் சுவடு பிரிக்க முடியாத பகுதியானால் அது இருக்கலாம் என்கிறது. எடுத்துக்காட்டாகக் கூகையையும் நாரையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கூரை முகட்டில் கூடு கட்டும் ஐரோப்பிய நாரைகளை மனதில் வைத்து எழுதியிருக்கக் கூடும். இரணைமடு நாரைக்கு அந்த விலக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆக, விதி தடுக்கிறது என்பது முழு உண்மையல்ல. ஆளற்ற இயற்கைதான் உயர்ந்த இயற்கை என்ற நம்பிக்கையே தடுக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். அந்தப் படங்கள் தலைநகர் வரை போய்ப் பலரை அசைத்தன. 1864இல் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். படக்கருவி காட்டைக் காப்பாற்றிய முதல் பெரும் நிகழ்வாக இதைச் சொல்வார்கள், சொல்வதும் சரியே. ஆனால் வாட்கின்ஸ் படம் எடுப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1851இல், ஆயுதப் படையொன்று அதே பள்ளத்தாக்கில் புகுந்து அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளைத் துரத்தியிருந்தது. எஞ்சியவர்களின் கடைசிக் குடியிருப்பும் 1969இல் இடிக்கப்பட்டது. மனிதர் வாழாத இடம் என்ற எண்ணத்தை உலகின் மனதில் பதித்ததில் அந்த அழகிய படங்களுக்கும் பங்கு உண்டு.

வன்னியில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. இரணைமடு நீர் கடைசியில் போய்ச் சேரும் சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. இலங்கைச் சட்டத்தில் சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். மக்களின் வழமையான தொழிலும் நடக்கலாம். 2015 ஜூனில் அது தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 19,500 ஹெக்டேயர். தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டு இன்றிக் கால் வைக்க முடியாது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் போரால் ஊரோடு பெயர்ந்து, முகாமில் கிடந்து, பிறகு திரும்பி வந்த மக்களுக்கு இந்த மாற்றம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் இல்லாத ஆண்டுகளில் வயலில் பற்றை வளர்ந்தது, வளவில் மரம் முளைத்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது காடு. வனத்துறைகளின் எல்லைக்கல் தங்கள் காணிக்குள் நடப்பட்டிருக்கிறது என்ற முறைப்பாடு வன்னியில் பல ஊர்களில் இன்றும் தீரவில்லை. இந்தச் சூழலில் 'மனிதக் கால் படாத வன்னி' என்ற தலைப்போடு வரும் ஒரு படத்தொகுப்பு எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது? எடுத்தவருக்கு அப்படியொரு நோக்கம் இல்லாமலே இருக்கலாம். ஆனாலும் காட்டுயிர் என்றாலே காணி பறிபோகும் என்ற அச்சம் ஊருக்குள் ஊறிவிட்டால், நாளை ஒரு யானையையோ கூடு கட்டும் மரத்தையோ காப்பாற்ற அந்த ஊரிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். யானை-மனித மோதலில் 2023இல் மட்டும் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்த நாட்டில் இது சிறிய இழப்பல்ல.

காட்டை அழிப்பதும் இதே மனிதர்கள்தானே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மறைக்க ஒன்றுமில்லை. ஆற்று மணல் களவாக அள்ளப்படுகிறது. பாலையும் முதிரையும் வெட்டுப்படுகின்றன. பன்றிக்கு வைத்த கண்ணியில் சிறுத்தை சிக்குகிறது. தடை செய்த வலை குளத்தில் விரிக்கப்படுகிறது. இவற்றைச் சொல்லாமல் விடுவது மக்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. ஆனால் ஆளில்லாத படம் இவற்றையும் அல்லவா மறைக்கிறது? மணல் ஏற்றிய டிராக்டரின் தடம் கரையில் கிடக்க, அது தெரியாதபடி கமராவைத் திருப்பி நாரையை மட்டும் எடுப்பவர் களவுக்கும் சேர்த்தே திரை போடுகிறார். கமக்காரரை வெட்டிய அதே சட்டகம் களவு செய்பவரையும் வெட்டிவிடுகிறது. பார்ப்பவருக்கு எஞ்சுவது யாரும் காக்காத, யாரும் கெடுக்காத ஒரு பொய் உலகம்.

மனிதரை வெளியேற்றினால் பறவை பெருகும் என்ற கணக்கும் எப்போதும் சரியாக வருவதில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் மனிதர் உண்டாக்கிய நீர்நிலை. அந்த வகையில் இரணைமடுவுக்கு உறவு. அது தேசியப் பூங்கா ஆனதும் 1982இல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த ஊர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மேய்ச்சல் நின்றால் பறவைக்கு நல்லது என்று சாலிம் அலி போன்ற பெருமக்களே நம்பிய காலம் அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எருமை மேயாத நீரில் புல் அடர்ந்து மூடியது, திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது, பல நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. இரணைமடு அலைகரையில் மாடு நிற்பதால் படம் கெட்டது என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த ஆய்வை அறிந்திருக்க வேண்டும். எவ்வளவு மேய்ச்சல் நல்லது, எவ்வளவு கூடுதல் என்பது இடத்துக்கு இடம் மாறும். மாட்டையே பகையாகப் பார்ப்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. மறுபுறம் வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அனுபவத்தில் அறிந்த ஊரார், வேட்டைக்கு வந்த வெள்ளையரை எதிர்த்து, 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் காப்புரிமை பெற்றார்கள். சரணாலயச் சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால் அந்தக் காவல் தொடங்கிவிட்டது.

தண்ணீரைப் பற்றிய சண்டைகள்தான் இரணைமடுவின் காட்டுயிருக்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளின் விதி. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010க்குப் பின் வந்த திட்டத்தில், யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் இரணைமடுவிலிருந்து போவதாக இருந்தது. கமக்காரர்கள் எதிர்த்தார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்து, 2024இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தாருக்குக் குடிநீர் வேண்டும், வன்னியாருக்கு வயல்நீர் வேண்டும், இரண்டும் நியாயம். ஆனால் அந்த வாதங்கள் நடந்த ஆண்டுகளில், குளத்து நீர் எந்த மாதம் எவ்வளவு இறங்கினால் அலைகரையில் எந்தப் பறவைக்கு என்ன ஆகும் என்று காட்டக்கூடிய படங்கள் பொதுவெளியில் ஒரு பேச்சாக எழவில்லை. நீர்மட்டம் என்ன செய்யும் என்பதற்கு மின்னேரியாக் குளத்தின் எடுத்துக்காட்டே போதும். கோடையில் குளம் வற்றி விரியும் புல்வெளியை நாடி நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது அங்கே உலகப் புகழ் பெற்ற காட்சி. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு கோடையிலும் குளத்தில் நீர் நிறுத்தப்பட்ட ஆண்டுகளில் புல் மூழ்கியது, யானைகள் கலைந்தன. அங்கே யானை பார்க்க வரும் ஜீப்புகளைக் குறைப்பது நல்லதுதான். அதனால் மட்டும் புல் முளைக்காது.

ஊரையும் குளத்தையும் காட்டினால் இடம் தெரிந்து கூட்டம் குவியுமே என்ற கவலை மீதி இருக்கிறது. கூடு, குட்டி ஈன்ற இடம், அரிய விலங்கின் நடமாட்டம் ஆகியவற்றின் இடக்குறிப்பை மறைக்கத்தான் வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கூட்டமாகப் பறக்கும் படத்துக்காகப் பூநாரைகளை எழுப்பி விடுவதும், ட்ரோனை அவற்றின் தலைக்கு மேல் ஓட்டுவதும் கொடுமை. ஒவ்வொரு வீண் பறப்பும் நெடும் பயணத்துக்கு அந்தப் பறவை சேர்த்து வைக்கும் கொழுப்பைத் தின்கிறது. ஆனால் இரணைமடு என்ற பெயரை மறைக்க முடியாது, மறைத்தும் பயனில்லை. அங்கே படம் எடுப்பவரிடம் நான் கேட்பது, லென்ஸ் விவரத்தோடு நாளையும் குளத்து நீர்மட்டத்தையும், துருசு திறந்திருந்ததா, வான் பாய்ந்ததா என்பதையும் படத்தின் கீழே எழுதுங்கள் என்பதே. நீர்மட்டத்தை நீர்ப்பாசன அலுவலகத்தில் நாள்தோறும் குறிக்கிறார்கள்; கேட்டால் கிடைக்கும். எடுத்த படங்களில் ஒரு பகுதி கொழும்புக் கண்காட்சிக்குப் போகும் முன் சிறுபோகக் கூட்டத்துக்குப் போகட்டும். எந்த நாளில் துருசை மூடுவது என்று பேசும் கமக்காரர்களின் கையில், சென்ற ஆண்டு அதே வாரத்தில் அலைகரையில் என்ன நின்றது என்பதற்கான படம் இருந்தால், அந்தப் பேச்சில் பறவைக்கும் ஒரு பங்கு கேட்க முடியும். இரணைமடு வான்கதவுகளைக் கடந்த நீர் சுண்டிக்குளத்தின் உவரை எவ்வளவு மாற்றுகிறது, அதை நம்பி இறால் பிடிப்பவருக்கும் பூநாரைக்கும் இடையே என்ன உறவு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.