விபத்துக்கு முன் எழ வேண்டிய வினா

தொழிற்சாலையிலே ஒருவனது கை இயந்திரத்திற் சிக்கி நசுங்கிய பின்னர், "குற்றம் யாருடையது? நட்டஈடு எவ்வளவு?" என்று வினவுவது பழைய சட்டத்தின் இயல்பு. அந்தக் கை நசுங்குவதற்கு முன்னரே, "இங்கே என்ன தீங்கு நேரக்கூடும்? அதைத் தடுக்க யாது செய்தீர்?" என்று தொழில்கொள்வோரை வினவுவது புதிய சட்டத்தின் இயல்பு. முதல் வினாவிலிருந்து இரண்டாம் வினாவை அடையப் பிரித்தானியாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

1837ஆம் ஆண்டில், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து தொடையெலும்பு முறிவுற்ற இறைச்சிக்கடை வேலையாள் ஒருவன் தன் எசமான்மீது வழக்குத் தொடுத்தான். ஆபத்தென்று கண்டால் வேலையாள் அப்பணியை மறுத்திருக்கலாமே என்று கூறி, நீதிமன்றம் அவனுக்கு இழப்பீட்டை மறுத்தது. மறுத்தவனுக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதை அத்தீர்ப்புச் சிந்திக்கவில்லை.

இதற்கு முன்பே, 1833ஆம் ஆண்டின் சட்டம் நான்கு தொழிற்சாலைப் பரிசோதகர்களை நியமிக்க வழி செய்திருந்தது. 1844ஆம் ஆண்டின் சட்டம் ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலி அடைக்குமாறு பணித்தது. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இந்த மரபிலே தோன்றியதேயாகும். இவ்வகைச் சட்டங்கள் பெரும் நன்மை விளைத்தன. எனினும், சட்டம் பெயர் சொல்லிக் குறித்த ஆபத்துக்கே அவை காவலாயின. குறிக்காத ஆபத்து காவலின்றியே இருந்தது.

1949ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்று சிந்தனையைத் திருப்பியது. நிலக்கரிச் சுரங்கமொன்றில், முட்டுக்கொடுக்கப்படாத வழியின் பக்கச்சுவர் சரிந்து தொழிலாளி ஒருவர் மாண்டார். வழிகள் அனைத்துக்கும் முட்டுக்கொடுப்பதாயின் செலவு தாங்காது என்று தேசிய நிலக்கரிச் சபை வாதாடியது. ஆனால் எந்த வழி உறுதியானது, எது தளர்ந்தது என்று சபை ஆராய்ந்திருக்கவில்லை. ஒரு தட்டில் இடரையும் மறுதட்டில் அதைத் தவிர்ப்பதற்கான செலவு, காலம், உழைப்பு ஆகியவற்றையும் வைத்து நிறுக்க வேண்டும். இடரைவிடச் செலவு மிகப் பெரிதும் விஞ்சினாலன்றி விலக்கில்லை. அந்த நிறுவையும் விபத்துக்கு முன்னரே நடந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுறுத்தியது. இன்று 'இடர் மதிப்பீடு' எனப்படுவதன் வித்து இதுவே.

1972ஆம் ஆண்டில் றொபென்ஸ் பிரபுவின் குழு அறிக்கை விடுத்தது. ஏறக்குறைய 500 துணைவிதிகள் குவிந்திருந்தும், விபத்துகளுக்குத் தலையாய காரணம் அசட்டையே என்று அது கண்டது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பயனாகப் பிறந்தது. ஐரோப்பிய சமூகத்தின் 1989ஆம் ஆண்டுப் பணிப்பைத் தொடர்ந்து, 1993 தொடக்கம் ஒவ்வொரு தொழில்கொள்வோரும் இடரைப் போதியவாறு மதிப்பிடுவது வெளிப்படையான கடமையாயிற்று. 1999ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அக்கடமையைப் புதுக்கி உரைக்கின்றன. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யுமிடத்தில் முக்கிய முடிவுகளை எழுதிவைத்தல் வேண்டும்.

மதிப்பிடுதல் என்பது யாது? ஒரு வெதுப்பகத்தை நோக்குவோம். மாவைக் கொட்டும்போது நுண்தூள் எழுகின்றது. அது சுவாசத்திற் கலந்து ஈளைநோயை உண்டாக்கவல்லது. இது ஆபத்து. நாள்தோறும் எத்தனை பேர், எவ்வளவு நேரம் அத்தூளைச் சுவாசிக்கின்றனர் என்பதைப் பொறுத்து நோய் வரும் வாய்ப்புக் கூடும், குறையும். அதுவே இடர். மாப்பிசைவோர் மட்டுமன்றி, இரவிலே துப்புரவு செய்ய வருபவரும் கணக்கில் வரவேண்டும். இளந்தொழிலாளரையும் கருவுற்ற பெண்களையும் சட்டம் தனித்து நோக்கச் சொல்கின்றது.

பரிகாரத்துக்கும் ஒரு முறை உண்டு. இடரை அடியோடு நீக்க முடியுமா என்பது முதல் வினா. முடியாதெனின் அது பிறக்குமிடத்திலேயே தடுத்தல் வேண்டும்: மூட்டையை மெல்லச் சரித்தல், பிசையும் பொறிக்கு மூடியிடல், உலர்ந்த மாவைத் துடைப்பத்தாற் பெருக்காது உறிஞ்சியால் அகற்றல். தொழிலாளியின் முகத்தில் மூடியைக் கட்டிவிடுவது கடைசி வழியே; பலர் அதனையே முதல் வழியாகக் கொள்கின்றனர். பொறியோ, முறையோ, ஆட்களோ மாறின் மதிப்பீட்டையும் திரும்ப நோக்க வேண்டும்.

இக்கடமையை எளிதாகத் தட்டிக்கழிக்க இயலாது. இதற்கு மேல் செய்வது நியாயமான அளவில் இயலாதது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றஞ்சாட்டப்பட்ட தொழில்கொள்வோரையே சார்ந்தது.

ஆயினும் ஓர் ஏமாற்றத்துக்கு இங்கு இடமுண்டு. பிறர் எழுதிய படிவத்தைப் பிரதிசெய்து, கையொப்பமிட்டு, பேழையிலே பூட்டிவைப்பது மதிப்பீடாகாது. வழுக்கும் படி எது, மூடி கழன்ற பொறி எது என்பதை அவ்விடத்திலே நாள்தோறும் நிற்பவரே முதலில் அறிவார். அவரிடம் கேளாது எழுதிய ஏடு, வெள்ளம் வருமுன் அணை கோலாது, அணையின் படத்தை மட்டும் வரைந்து வைத்ததற்கு ஒப்பாகும். வேலைக்குச் சென்றவர் சென்றவாறே வீடு திரும்பினார் என்பதே நல்ல மதிப்பீட்டுக்குச் சான்று.