கமிட்டுக்கு முன்னாடி ஒரு செக்போஸ்ட்

ப்ராஜெக்ட் கோடோட டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் கமிட் பண்ணிட்டா, அடுத்த கமிட்ல அழிச்சாலும் கிட் ஹிஸ்டரியில அது அப்படியே இருக்கும். இதை முன்கூட்டியே தடுக்கத்தான் ப்ரீ-கமிட் ஹூக். கமிட் ஆகுறதுக்கு முன்னாடி தானா ஓடுற சின்ன ஸ்க்ரிப்ட் இது. 0 தவிர வேற எண்ணோட முடிஞ்சா, கமிட் நின்னுடும்.

வைக்கும்போது மூணு விஷயம் கவனிங்க.

1. ஹூக்ஸ் ஃபோல்டர் க்ளோன்ல வராது. அதனால ஸ்க்ரிப்ட்டை ரெப்போவுக்குள்ளயே தனி ஃபோல்டர்ல வைங்க. டீம்ல ஒவ்வொருத்தரும் 'கோர் டாட் ஹூக்ஸ்பாத்' செட்டிங்ல அந்த ஃபோல்டரைக் குறிப்பிடணும். கிட் 2.9-லிருந்து இந்த வசதி இருக்கு. லினக்ஸ்ல ஸ்க்ரிப்ட்டுக்கு எக்ஸிக்யூட் அனுமதியும் வேணும்.

2. ஸ்டேஜ் பண்ண ஃபைல்களை மட்டும் சோதிங்க. முழு டெஸ்ட்டையும் ஓட்டினா, காத்திருக்கப் பொறுமையில்லாம எல்லாரும் 'நோ-வெரிஃபை' போட்டுத் தாண்டிடுவாங்க.

3. அப்படித் தாண்ட முடியும் என்பதால, அதே சோதனையை சர்வர்ல சிஐ-யிலும் வைங்க.

பாஸ்வேர்ட் ஏற்கெனவே புஷ் ஆகிடுச்சா? ஹிஸ்டரியைச் சுத்தம் பண்றது அப்புறம். முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க.