ஒலிவ எண்ணெயும் குமரப்பாவின் கேள்வியும்

அம்பத்தூரில் இருக்கும் ஆவின் பால் பண்ணையிலிருந்து விடிவதற்கு முன்பே புறப்பட்டு, ஆவடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி என்று நமது மேற்குப் புறநகர்களுக்கெல்லாம் பால் கொண்டு சேர்க்கும் வண்டிகளுக்குப் பின்னால், பாலைக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பாராத ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிராமத்தில் இரண்டு மாடு வைத்திருப்பவர் தரகர் சொன்ன விலைக்குப் பாலை விட்டுவிட்டு வராமல், தாம் அங்கத்தினராக உள்ள சங்கத்தில் அளக்கிறார். கொழுப்பும் இதர சத்தும் எவ்வளவு என்று சோதித்துத் தரத்துக்கேற்ற விலை எழுதப்படுகிறது. சிறு சிறு குவளைகளாகச் சேர்ந்த பால், ஒரு பெரிய நகரத்தின் சந்தையில் தலைநிமிர்ந்து நிற்கும் பலத்தைப் பெறுகிறது. கொள்முதல் விலை கட்டவில்லை என்று உற்பத்தியாளர்கள் முறையிடும் காலங்கள் உண்டு. ஆயினும் முறையிடுவதற்கு அவர்களுக்குச் சொந்தமான ஓர் இடம் இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். பாலஸ்தீனத்தின் ஒலிவ எண்ணெயும் கைத்தொழிலும் இன்று உலகத்தின் பல நகரங்களில் நியாயமான விலைக்கு விற்கும் விதத்தை விளக்கவேண்டுமானால், நம் வீட்டு வாசலில் இருக்கும் இந்த உதாரணத்திலிருந்து தொடங்குவதே எளிது.

மேற்குக் கரையின் வடபகுதியில் ஜெனின் நகரத்துக்கு அருகே புர்கீன் என்றொரு கிராமம் இருக்கிறது. அமெரிக்காவில் மானிடவியல் பயின்று ஊர் திரும்பிய நாசர் அபூஃபார்ஹா என்பவர், 2004ஆம் ஆண்டில் அங்கே பாலஸ்தீன நியாய வாணிப சங்கத்தையும், அச்சங்கத்து விவசாயிகளின் எண்ணெயை வெளிநாட்டுக்கு அனுப்பும் கானான் என்ற நிறுவனத்தையும் தோற்றுவித்தார். அது இரண்டாம் இன்டிஃபாடா என்னும் பாலஸ்தீன எழுச்சியின் காலம். சாலைகள் அடைபட்டு, எண்ணெய் வீடுகளிலேயே தேங்கி, பறிக்கும் கூலிக்கும் போதாத விலைக்கு அதைத் தள்ளிவிட வேண்டிய நிர்ப்பந்தத்தில் விவசாயிகள் இருந்தார்கள். கிராமந்தோறும் அவர்களைக் கூட்டுறவாக ஒன்று சேர்த்து, காயைக் கையால் பறித்து, தாமதமின்றி ஆலையில் பிழிந்து, அமிலத்தன்மை நூற்றுக்கு 0.8 பங்குக்கு மேற்படாத உயர்தர எண்ணெயாக ஆக்கினால் அதற்கு உயர்ந்த விலை நிச்சயம் என்று உறுதி கூறியதுதான் அச்சங்கம் செய்த முதற்காரியம். பாலில் கொழுப்பைச் சோதிப்பது போலவே அங்கே எண்ணெயின் அமிலம் சோதிக்கப்படுகிறது. தரத்தைக் காத்தவனுக்கு அதன் பலன் போய்ச் சேருகிறது.

அதே 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸைத்தூன் என்ற பெயரில் ஒரு சமூக நல நிறுவனம் தொடங்கி, இந்த எண்ணெயை அந்நாட்டு மக்களிடையே பரப்பியது. 2009ஆம் ஆண்டில், நியாய வாணிப முத்திரை பெற்ற ஒலிவ எண்ணெய் உலகத்திலேயே முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது, அது பாலஸ்தீன எண்ணெயாக இருந்தது. அந்த முத்திரைக்குள் சில நிபந்தனைகள் அடங்கியுள்ளன. சந்தை எவ்வளவு சரிந்தாலும் குறைந்தபட்ச விலை ஒன்றுக்குக் கீழே வாங்குபவர் இறங்கலாகாது. அதற்கு மேலாக ஒரு தொகையைச் சங்கத்தின் பொதுக் காரியங்களுக்கென்று தனியே தரவேண்டும், அதை எப்படிச் செலவிடுவதென்று விவசாயிகளே கூடித் தீர்மானிப்பார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டால் அறுவடைக்கு முன்பாகவே விலையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுக்கவேண்டும். இம்மூன்றில் மூன்றாவதே எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. ஏனெனில் கடன்காரனிடம் விளைச்சலை முன்கூட்டியே ஒப்புக்கொடுத்துவிட்ட விவசாயிக்கு, பிறகு எவ்வளவு நல்ல விலை வந்தாலும் அது அவனுடைய விலையாக இருப்பதில்லை என்பதை நம் நாட்டுக் குடியானவர்களிடம் யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் பாலஸ்தீன விவசாயிக்கு விலை என்பது வருமானத்தோடு நின்றுவிடும் காரியமன்று. ஒலிவ அறுவடையை ஏதோ ஒருவகையில் நம்பி வாழும் குடும்பங்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பு. ஒரு வருஷம் மிகுதியாகவும் மறு வருஷம் அற்பமாகவும் காய்ப்பது அம்மரத்தின் இயல்பு. நூற்றாண்டுகள் கடந்த மரங்களும் இன்றும் பலன் தருகின்றன. அக்காலத்தில் பாலஸ்தீனத்தை ஆண்ட உதுமானியப் பேரரசு 1858இல் இயற்றிய நிலச்சட்டத்தின்படி, தொடர்ந்து சாகுபடி செய்யாத நிலத்தின்மீது உடையவனுடைய உரிமை தளர்ந்துவிடும். அச்சட்டத்தின் எச்சத்தைப் பிடித்துக்கொண்டு இஸ்ரேலிய நிர்வாகம் மேற்குக் கரையில் ஏராளமான நிலத்தை அரசாங்க நிலமென்று அறிவித்திருக்கிறது. ஆகையால் விலை கட்டவில்லையென்று தோப்பைக் கவனியாமல் விட்டால், அவ்வாண்டின் எண்ணெயோடு நிலமே கைநழுவும் அபாயம் சேர்ந்து வருகிறது. 2002 முதல் இஸ்ரேல் எழுப்பிய பிரிவுச் சுவருக்கு அப்பால் தோப்பு அகப்பட்டுக்கொண்டவர்கள், தமது மரத்தில் தாமே காய் பறிப்பதற்கு அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். இஸ்ரேலியக் குடியேறிகள் மரங்களை வெட்டியதும் பறிக்க வந்தவர்களைத் தாக்கியதும் வருஷந்தோறும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகளில் பதிவாகின்றன. காசாப் போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு தோப்புப் பக்கமே போகமுடியாமல் அறுவடையை முழுதும் இழந்த குடும்பங்கள் பல. எண்ணெய் துறைமுகம் சேரும் வழியிலும், சோதனைச் சாவடியில் ஒரு லாரியிலிருந்து இறக்கி மற்றொரு லாரியில் ஏற்றும் செலவும் தாமதமும் அதன் விலையில் ஏறுகின்றன. இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஒருவர் தம் நிலத்திலேயே நிலைத்திருப்பதற்கு வேண்டிய விலை எதுவோ, அதுவே நியாய விலை என்பது இந்த முயற்சியின் அடிப்படை.

இந்தச் சிந்தனை மேல்நாட்டில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் பயின்று, காந்தியடிகளிடம் வந்து சேர்ந்த ஜே. சி. குமரப்பாவை அறிந்தவர்கள் அவ்வாறு நினைக்கமாட்டார்கள். 1934இல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். சிறையில் எழுதி 1945இல் வெளியிட்ட நூலில் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எதுவென்று ஆராய்ந்தவரும் அவரே. கடைத்தெருவில் கிடக்கும் ஒவ்வொரு பண்டத்தோடும் அது உற்பத்தியான விதத்தின் புண்ணிய பாவமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. வாங்குகிறவன் பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாவத்தை விற்றவனிடமே விட்டுவிட்டு வரமுடியாது என்பது அவருடைய சித்தாந்தம். அந்தப் பொறுப்பை ஏற்க நம்மால் இயலாதென்றால், நமக்குத் தெரிந்த வட்டத்துக்குள்ளேயே கொடுக்கல் வாங்கலைச் சுருக்கிக்கொள்ளவேண்டும் என்றும், சுதேசியத்தின் அஸ்திவாரம் அதுதான் என்றும் அவர் வாதித்தார்.

அதைச் சொன்னதோடு அக்காலத்தவர்கள் நிற்கவில்லை. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம், மழை பொய்த்த கிராமங்களின் பெண்களுக்குப் பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கி ஜீவனத்துக்கு வழி செய்தது. 1935இல் அகில இந்திய நூற்போர் சங்கம், நூல் நூற்கும் பெண்ணுக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி தரவேண்டுமென்று தீர்மானித்தது. எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா என்பது காந்தியடிகளின் விருப்பம். நடைமுறையில் உயர்ந்தது அதைவிட மிகக் குறைவே. ஆயினும் கதரின் விலை ஏறினால் வாங்குவோர் குறைந்துவிடுவார்களே என்ற அச்சத்தை அறிந்தே அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். குறைந்த கூலி கொடுத்து மலிவாக விற்கும் கடைகளிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக, சங்கத்தின் அத்தாட்சி பெற்ற கதர்க்கடைகள் இருந்தன. ஐரோப்பாவின் முதல் நியாய வாணிப முத்திரை 1988இல் ஹாலந்து தேசத்தில் தோன்றுவதற்குச் சுமார் அரை நூற்றாண்டுக்கு முன்பு இது நம் நாட்டில் நடந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வட்டத்தைச் சுருக்கிக்கொள் என்று குமரப்பா சொன்னாரென்றால், அம்பத்தூரில் இருப்பவர் ஜெனினிலிருந்து எதற்காகப் பண்டம் தருவிக்கவேண்டும்? இந்த ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இருக்கும் நாட்டில், அவற்றை ஆட்டும் செக்காரரை விட்டுவிட்டு ஒலிவ எண்ணெய்க்கு மாறுவது தர்மமாகாது என்றே கருதுகிறேன். ஆனால் அவர் தூரத்தைக் கண்டு அஞ்சியவரல்லர். அறியாமையைக் கண்டு அஞ்சியவர். பண்டத்தை விளைவித்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது, எந்த நிலத்தில் விளைந்தது என்பதெல்லாம் தெரிந்து, அதற்குப் பொறுப்பேற்கும் ஏற்பாடும் இருக்குமானால், அந்தப் பண்டம் நம் வட்டத்துக்குள் வந்துவிட்டதாகவே கொள்ளலாம். நமது உற்பத்தியாளனை இடம்பெயர்க்காத பொருளாகப் பார்த்து வாங்குவது அதற்கு அடுத்த நிபந்தனை.

அத்தகைய பொருள்கள் அங்கே நிறைய இருக்கின்றன. ஒலிவ எண்ணெயைக் காரநீருடன் காய்ச்சி, தரையில் பரப்பிக் கட்டிகளாக வெட்டி, கோபுரங்களைப் போல அடுக்கி உலர்த்தும் நாப்லஸ் நகரத்துச் சோப்பு 2024இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. காட்டுத் தைம் இலையை எள்ளோடும் சுமாக் பழத்தூளோடும் கலந்த ஸாத்தர் பொடி, நமது பருப்புப்பொடியைப் போல அங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அத்தழையைக் காட்டில் பறிப்பதற்கு 1977இல் இஸ்ரேல் தடை விதித்த பிறகு, அதை வயலில் பயிரிடுவது பரவியது. உடைத்த கோதுமையின்மேல் மாவைக் கையால் உருட்டி ஆவியில் வேகவைத்து உலர்த்தும் மஃப்தூலைப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிக்கின்றன.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது தத்ரீஸ் என்னும் பூத்தையல். குறுக்குத் தையலால் கறுப்புத் துணியிலும் வெள்ளைத் துணியிலும் சிவப்பு நூல் ஓங்கி நிற்கத் தைக்கும் அந்த அங்கியின் மார்புப் பகுதியைக் கண்டே, அணிந்தவள் எந்த ஊர்ப்பெண் என்று ஒரு காலத்தில் சொல்லிவிட முடிந்தது. 1948இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரிழந்து அகதிகளானபோது, ஊர் போயும் ஊரின் அடையாளம் அவர்கள் விரலில் தங்கியிருந்தது. காசாவில் 1950இலேயே அகதிப் பெண்களின் தையலுக்கு ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிவாரண ஸ்தாபனம் ஓர் ஏற்பாடு செய்தது. அமெரிக்காவில் எட்னா ரூத் பைலர் என்ற அம்மையார், ஏழை நாட்டுப் பெண்களின் கைவேலையைத் தரகரில்லாமல் விற்றுத் தருவதற்கு 1946இல் தொடங்கிய முயற்சியில், ஆரம்ப காலத்துப் பண்டங்களுள் பாலஸ்தீன அகதிகளின் பூத்தையலும் ஒன்று. இன்றைய நியாய வாணிப இயக்கம் அதிலிருந்து கிளைத்தது என்று சொல்வது மிகையாகாது. அல்-பீரே நகரத்தில் சமீஹா கலீல் 1965இல் நிறுவிய இன்ஆஷ் அல்-உஸ்ரா சங்கம், வீட்டிலிருந்தபடி தைக்கும் பெண்களுக்கு வேலை கொடுப்பதோடு பழைய அங்கிகளையும் மாதிரிகளையும் சேகரித்துக் காத்தது. 2021இல் இக்கலையும் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது.

கலைக்குப் பெருமை வந்தால் போலிகளும் வரும். ஹெப்ரோனில் யாசிர் ஹிர்பாவி 1961இல் நிறுவிய ஆலைதான் கெஃபியா என்னும் கட்டம்போட்ட தலைத்துண்டை இன்றும் பாலஸ்தீனத்திலேயே நெய்வது. சீனாவிலிருந்து மலிவான சரக்கு வந்து குவிந்தபோது அதன் தறிகளுள் பெரும்பாலானவை ஓய்ந்துகிடந்த ஆண்டுகள் உண்டு. பாலஸ்தீனத்தின்மேல் அன்பு கொண்டு கெஃபியா வாங்கியவர்களே, எங்கே நெய்தது என்று கேளாமையால், அதை நெய்பவனின் தறியை நிறுத்தக் காரணமானார்கள். நல்ல எண்ணம் மட்டும் போதாது; விசாரணையும் வேண்டும். அதைப்போலவே இரக்கத்தால் ஒருமுறை வாங்கி மூலையில் போடுவது வாணிபமாகாது. ஒருமுறை கிடைக்கும் பெரிய தொகையைவிட, வருஷந்தோறும் தவறாமல் வரும் சிறிய கோரிக்கையை நம்பித்தான் பூத்தையல்காரி நூல் வாங்கமுடியும். நமது திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கோடியில், பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்களுக்கும் இது பொருந்தும்.

இத்தகைய வாணிபத்தைத் தொடங்க நமது பகுதியே ஏற்ற இடம். சோஷலிசப் பாணியிலான சமுதாயமே நாட்டின் லட்சியம் என்று காங்கிரஸ் மகாசபை 1955 ஜனவரியில் தீர்மானித்தது நமது ஆவடியிலேதான். பெண்களுக்கென்றே சிட்கோ அமைத்த தொழிற்பேட்டை திருமுல்லைவாயிலில் இருக்கிறது. 1989இல் தருமபுரியில் முளைத்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று எல்லாத் தெருக்களிலும் உண்டு. பொடி அரைத்தும் சோப்புக் காய்ச்சியும் விற்கும் இக்குழுக்களுக்கு மஃப்தூல் சங்கத்துப் பெண்களின் கஷ்டம் புரியாமலிராது. ஆகவே பத்துப் பதினைந்து குடும்பங்களாகச் சேர்ந்து வாங்கும் ஒரு நுகர்வோர் சங்கத்தை இப்பகுதியில் அமைத்து, பழவேற்காட்டுப் பெட்டிக்கும் உள்ளூர்ச் செக்கெண்ணெய்க்கும் முதலிடம் தந்து, அவற்றோடு நாப்லஸ் சோப்பையும் பூத்தையல் பைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகத் தருவிக்கும்படி இறக்குமதி உரிமம் பெற்ற ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பது எனது யோசனை. ஒலிவ அறுவடை அக்டோபரில் தொடங்கிவிடுவதால், அந்த எண்ணெயிலிருந்து ஆகும் சோப்புக்கு முன்பணம் அனுப்பவேண்டுமானால் ஆவணி மாதத்துக்குள் கணக்கெடுத்தாகவேண்டும். பூத்தையலுக்கு அதைவிட அதிக அவகாசம் தேவை, ஏனெனில் ஒரு முழு அங்கி முடிவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.