ஜிம்மியின் சான்றிதழில் இல்லாத வருத்தம்

நேற்றிரவும் ஜிம்மி இருமினான். மகள்தான் எழும்பிப்போய் மடியில் தூக்கி வைத்திருந்தாள்.

ஒஸ்லோவில் நாங்கள் வளர்க்கும் கவாலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் அவன். சின்ன இனம், பெரிய கண், யாரைக் கண்டாலும் வாலாட்டுவான். எட்டு வருடத்துக்கு முன் வாங்கும்போது, விற்றவர் மரபணுச் சோதனைத் தாளும் தந்தார். எல்லாம் கிளியர். "இவனுக்கு ஒரு வருத்தமும் வராது பிள்ளை" என்று மகளுக்குச் சொன்னது நான்தான்.

தாள் பொய்யில்லை. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பும் அந்தச் சோதனை, ஒற்றை மரபணுவால் வரும் நோய்களைத்தான் பிடிக்கும். இந்த இனத்தில் ஓடி விளையாடும்போது தசை இறுகி விழுவது அப்படி ஒன்று. சுருண்ட முடியும் வறண்ட கண்ணுமாகப் பிறப்பது இன்னொன்று. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டிக்கு அந்த நோய். ஒரு பக்கத்தால் மட்டும் வந்தால் நாய் அதைக் காவித் திரியும், நோய் வராது. சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் செய்து பழகிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் கவாலியர்களை அதிகம் கொல்வது இதயம். மைட்ரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல், இரத்தம் பின்னோக்கி ஒழுகும். பத்து வயதாகும்போது ஏறக்குறைய எல்லாக் கவாலியருக்கும் இது வந்துவிடுகிறது. இன்னொரு கொடுமை, மூளைக்கு மண்டையோடு போதாமல் முள்ளந்தண்டு நரம்புக்குள் நீர் தேங்குவது. வலியில் நாய் கழுத்தைத் தொடாமலே காற்றில் சொறியும். இந்த இரண்டையும் பஞ்சுக்குச்சி காட்டித் தராது. தாய் தகப்பன் நாய்களுக்கு இதய ஸ்கானும் எம்.ஆர்.ஐ.யும் செய்து பார்த்திருக்க வேண்டும். நான் கேட்கவே இல்லை. இப்போது காலையும் மாலையும் ஜிம்மிக்குக் குளிசை.

2023 ஒக்டோபரில் நோர்வே உச்ச நீதிமன்றம், கவாலியர்களை இப்படியே இனம்பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. வளர்ப்பதற்குத் தடையில்லை. "நாய்க்கும் வழக்கோ?" என்று எங்கடை ஆட்கள் சிலர் சிரித்தார்கள். இரவு இருமலைக் கேட்டிராவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து மச்சான் போன் எடுத்தார். கவாலியர் குட்டி பார்த்திருக்கிறாராம். "டிஎன்ஏ எல்லாம் கிளியர் அண்ணை."

"தாய் தகப்பனை விடும். பேரன் பேத்தி நாய்களுக்கு அஞ்சு வயசிலை இதயம் பாத்தவையோ எண்டு கேளும்" என்றேன்.

கேட்டாராம். விற்பவர் இன்னும் பதில் தரவில்லை.