மார்கழியில் உப்பும் கோழி

மார்கழி விடியல். திண்டுக்கல் பேகம்பூர் வீட்டுக் கொல்லையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழி பந்தாக உப்பி நிற்கும். இரை பொறுக்குகிறதா? பதற வேண்டாம். இறகுக்குள் காற்றை அடைத்து, உடம்பின் 41 டிகிரிச் சூட்டைக் காப்பாற்றுகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐஸ்லாந்தில் வாழும் நாட்டுக்கோழிக்கும் இதே உத்திதான். அங்கே உறைபனியில் கொண்டை கருகும். திண்டுக்கல்லுக்கு அந்தக் கவலையில்லை.

இங்கே பாடெல்லாம் குஞ்சுக்கு. முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி வெப்பம் தேவை. தாயில்லாக் குஞ்சுக்குக் குண்டு பல்புதான் தாய். அதனடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பினால் குளிர்கிறது, விலகி ஓடினால் சூடு கூடுதல். தெர்மாமீட்டரே வேண்டாம்!

கீழே பரப்பிய உமி நனைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து: கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு.