அரிசோனாவில் ஒரு தேரிக்காடு!

“ரிசார்ட்டுக்கு வந்து என்னல செய்யணும்?”

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், செடோனா என்கிற ஊர். பளபளா ரிசார்ட்டின் ரிசப்ஷன்ல நின்னுக்கிட்டு எங்கப்பா கேட்ட கேள்வி இது. சத்தியமா பதில் எனக்கும் தெரியலை பாஸ்!

எங்க வீட்டு அகராதியில ‘டூர்’னா திருச்செந்தூர், குற்றாலம், சொந்தக்காரங்க கல்யாணம். அவ்வளவுதான். மின்வாரியத்துல ஃபோர்மேனா இருந்த அப்பா ரிட்டயர் ஆனார். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம் முடிச்சேன். ஃபீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர்ல இருக்கிற அக்காவும் அத்தானும் டிக்கெட் போட்டுட்டாங்க. “மூணு நாள் எல்லாரும் ஒண்ணா சும்மா இருக்கணும். அதான் பிளான்”னு அக்கா ஆர்டர் வேற!

அடுப்பிலிருந்து அடுத்த மாடிக்கு...

ஃபீனிக்ஸ் வெயிலைப் பத்திச் சொன்னா நம்ப மாட்டீங்க. 2023 ஜூன் 30-லிருந்து தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட ஊர் அது. நம்ம கணக்குல 43 செல்சியஸுக்கும் மேல! அங்கேயிருந்து வடக்கே சுமார் 190 கி.மீ., ரெண்டு மணி நேர டிரைவ். வழியெல்லாம் கையைத் தூக்கிக்கிட்டு சாகுவாரோ கள்ளிகள். முதல் கிளை விடவே அதுக்கு 50 வருஷத்துக்கு மேல ஆகுமாம். ரோடு ஏற ஏற கள்ளி காணாமப் போகுது. 4,300 அடி உயரத்துல செடோனா. திடீர்னு ஒரு வளைவுல, ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு பாறை. கார்ல அஞ்சு பேரும் கப்சிப்!

1902-ல இந்த ஊருக்குத் தபால் ஆபீஸ் வந்தப்போ, போஸ்ட் மாஸ்டர் சொன்ன பெயரெல்லாம் முத்திரையில அடங்காத நீளமாம். கடைசியில அவர் மனைவி செடோனா ஷ்னெப்லியோட பெயரையே வெச்சுட்டாங்க. ஆனா, ஊருக்குப் பேர் வர்றதுக்கு முன்னாடியே இது யவபாய், அப்பாச்சி மக்களோட மண். 1875 பிப்ரவரி குளிர்ல அந்தப் பள்ளத்தாக்கு மக்களை ராணுவம் சுமார் 290 கி.மீ. நடத்தியே கூட்டிட்டுப் போச்சு. வழியிலேயே இறந்தவங்க பலர். மிச்சம் இருந்தவங்க திரும்பி வர கால் நூற்றாண்டு ஆச்சு. நீச்சல் குளத்துல மிதந்துக்கிட்டே இதைப் படிச்சப்போ கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

சும்மா இருப்பது சுலபமில்லை!

அம்மா வந்ததும் சமையல் மூலையைக் கண்டுபிடிச்சு, கொண்டுவந்த ரைஸ் குக்கர்ல எலுமிச்சை சாதம் கிளறிட்டாங்க. அப்பா குளத்தங்கரையில முழுக்கை சட்டையோட உட்கார்ந்து, “வாடகை எவ்வளவு?”னு அத்தானைக் குடைஞ்சார். அறை வாடகை போக, ‘ரிசார்ட் ஃபீஸ்’னு ஒரு தனிக் கட்டணம் உண்டுன்னு தெரிஞ்சதும், “குளிச்சாலும் குளிக்காட்டியும் குடுக்கணுமா?”ன்னு எழுந்தவர், நேரா குளத்துல இறங்கிட்டார். காசு ஜீரணிச்சாகணுமே!

அந்தக் காசுக் கணக்குதான் மறுநாள் எங்களை மாட்டிவிட்டுச்சு.

கதீட்ரல் ராக் ஏறணும்னு ஐடியா கொடுத்தது நான். “விடியுமுன்ன போயிருவோம்ல”ன்னார் அப்பா. “ஏழு மணிக்கு டிபன் ஃப்ரீப்பா. சாப்பிட்டுட்டே போவோம். இங்கே வெறும் 34 டிகிரிதான்”னு மொபைலைக் காட்டினேன். இன்ஜினீயரு சொல்லிட்டேன்ல? சாப்பிட்டு, போட்டோ பிடிச்சுக் கிளம்பறப்போ மணி பத்தாகப் போகுது. அஞ்சு பேருக்கு மூணு அரை லிட்டர் பாட்டில்.

ஒரு வழிக்குச் சுமார் 1 கி.மீ. தூரம்தான். ஆனா அதுக்குள்ள 200 மீட்டருக்கு மேல ஏறணும். கல்லைக் கம்பிக் கூடையில அடுக்கி வெச்சுத்தான் வழி காட்டுறாங்க. மரம் கிடையாது. கீழே பாறை கொதிக்குது, மேலே சூரியன் கொதிக்குது. காத்து காய்ஞ்சு கிடக்கிறதால வேர்வை வந்த வேகத்துல காஞ்சிடும். உடம்புல தண்ணி குறையறது நமக்கே தெரியாது. நான் பார்த்த 34 டிகிரி நிழலோட கணக்குன்னு அப்புறம்தான் உறைச்சது.

பாதி தூரத்துல அப்பா உட்கார்ந்துட்டார். முகம் வெளுத்துப்போச்சு. “தலை சுத்துதுல...” அவ்வளவுதான் சொன்னார். பாட்டில் மூணும் காலி. அக்கா கை நடுங்குது. என் வாழ்க்கையில அவ்வளவு நீளமான பத்து நிமிஷம் இருந்ததில்லை. இறங்கி வந்துக்கிட்டிருந்த ஒரு வெள்ளைக்கார தாத்தாவும் பாட்டியும் குடையை விரிச்சு நிழல் கொடுத்து, உப்புத்தூள் கலந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வெச்சாங்க. கழுத்துல ஈரத்துணி. முகத்துல நிறம் திரும்பினதும் மெல்ல இறங்கிட்டோம். உச்சியை நாங்க பார்க்கவே இல்லை.

‘இது நம்ம தேரி மண்ணுல்லா!’

அன்னிக்கு ராத்திரி நான் யார் முகத்தையும் பார்க்கலை. மறுநாள் நாலரை மணிக்குத் தோளைத் தட்டி எழுப்பினது அப்பாதான். “ஏல, எந்திரி. இப்பப் போவோம்.” அம்மா திட்டத் திட்ட, அத்தான் காரை எடுத்தார். மேலே ஏறலை. பெல் ராக்கோட அடிவாரத்துல, சமதரையில, நிறைய தண்ணியோட உட்கார்ந்தோம்.

வெளிச்சம் வந்துச்சு. பாறை முதல்ல கத்தரிப்பூ நிறம், அப்புறம் செங்கல், அப்புறம் நெருப்பு! அப்பா குனிஞ்சு ஒரு பிடி மண்ணை அள்ளினார். “ஏல, இது நம்ம தேரி மண்ணுல்லா!”

உடன்குடி பக்கம் போனவங்களுக்குத் தெரியும், குதிரைமொழித் தேரி. கண்ணுக்கெட்டின வரைக்கும் செம்மணல் மேடு. அப்பா பொறந்த ஊர் அந்தப் பக்கம்தான். மதுரையில வளர்ந்த நான் அதை பஸ் ஜன்னல் வழியா பார்த்ததோட சரி. அப்பா சொன்னது அறிவியல்படியும் சரி! ரெண்டு இடத்துலயும் மணல்துகள் மேல மெல்லிசா படிஞ்ச இரும்பு ஆக்ஸைடுதான் சிவப்புக்குக் காரணம். சுருக்கமா, துரு! தேரி, காத்து கொண்டுவந்து கொட்டின மணல். செடோனா பாறையிலும் பெரும்பகுதி சுமார் 28 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலோரத்துல கிடந்த மணல்தான். இறுகிப் பாறையாயிடுச்சு. நடுவுல ஓடுற சாம்பல் கோடு, கடல் உள்ளே வந்து போனதுக்கு சாட்சியான சுண்ணாம்புக்கல்.

இதையெல்லாம் நான் பெருமையா அளந்துக்கிட்டிருக்க, அப்பா மெதுவா சொன்னார்: “உங்க தாத்தா விடியுமுன்ன பனை ஏறி எறங்கிருவாரு. பொறவு சாயங்காலம்தான். உச்சி வெயில்ல ஏறவே மாட்டாரு. நேத்து எனக்கு அது தெரியும்ல. ஆனா, நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தாத்தா பனையேறியா? ‘விவசாயம்’னுதானே இத்தனை வருஷமா கேள்விப்பட்டிருக்கேன்! “ஏம்ப்பா சொன்னதே இல்ல?” “நீ கேட்டாத்தானல...” சொல்லிட்டு, கையில இருந்த மண்ணை எடுத்த இடத்துலயே போட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, “சொல்றதுக்குக் கூச்சமாவும் இருந்துச்சு”ன்னார்.

ரிசார்ட்டுக்கு வந்து என்ன செய்யணும்ங்கிற கேள்விக்கு அப்போதான் பதில் கிடைச்சது. வேற வேலை இல்லாத இடத்துலதான் சில பேச்சு வெளியே வருது!

இந்த செமஸ்டர் லீவுக்கு எனக்கும் அப்பாவுக்கும் பிளான் ரெடி. அமெரிக்கா இல்லை, உடன்குடி! விடியுமுன்ன தேரி. நிறைய தண்ணி. இந்தத் தடவை கைடு, அப்பா!

செம்பாறை நாட்டுக்குப் போறீங்களா?

* நடக்கிறதா இருந்தா சூரியனுக்கு முன்னாடியே கிளம்புங்க. டிபன் காத்திருக்கும்.

* பாதி தண்ணி காலியாச்சா? உச்சி பக்கத்துல தெரிஞ்சாலும் திரும்பிடுங்க. உப்புக்கரைசல் பாக்கெட்டும் பையில இருக்கட்டும்.

* 2025 மே 12 முதல், ரிசார்ட் ஃபீஸையும் சேர்த்துத்தான் விலையைக் காட்டணும்னு அமெரிக்காவுல விதி. மொத்தத் தொகையைப் பார்த்துட்டு புக் பண்ணுங்க.

* செடோனா, 2014-லிருந்து ‘இருள்வானம்’ அங்கீகாரம் பெற்ற ஊர். ராத்திரி டி.வி.யை அணைச்சுட்டு பால்கனிக்கு வாங்க. நட்சத்திரத்துக்கு ஃபீஸ் கிடையாது!